'ழ'வுக்கு எத்தனை எழுத்து?

வானொலியில் 30 விநாடி விளம்பரம் என்றால், அவசரப்படாமல் வாசிக்க ஏறக்குறைய 60 சொற்கள் கிடைக்கும். கடையின் பெயர், விற்கும் பொருள், தள்ளுபடி எத்தனை நாளைக்கு, கடை எந்தத் தாமானில் இருக்கிறது, எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். அந்த 30 விநாடியில் கால்வாசியை ஒரே ஒரு விஷயம் விழுங்கிவிடும். அகப்பக்க முகவரி. "எஸ், எச், ஆர், டபிள் ஈ, அப்புறம் ஒரு சின்னக் கோடு, வி, டபிள் ஏ, இசட், எச்..." என்று மந்திரம் ஓதுவதுபோல் ஓதிக்கொண்டிருப்பேன். கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலில் காடிக்குள் உட்கார்ந்திருக்கும் நேயர் இதை எதில் எழுதி வைத்துக்கொள்வார்? அடுத்த பாட்டு தொடங்குவதற்குள் அவருக்கு எல்லாம் மறந்துவிடும். விளம்பரம் கொடுத்தவரின் காசு அந்த நெரிசலிலேயே கரைந்துவிடும்.

அறிவிப்பாளர் எழுத்துக்கூட்ட வேண்டியிருந்தால் அந்த முகவரியில் ஏதோ கோளாறு இருக்கிறது. இத்தனை ஆண்டுகள் விளம்பரம் வாசித்ததில் எனக்கு வந்திருக்கும் தீர்மானம் இது.

களப்பெயர் என்று தமிழிலும் டொமேன் நேம் என்று ஆங்கிலத்திலும் சொல்லப்படும் அந்த முகவரியைப் பற்றித்தான் இந்த வாரம் பேசப் போகிறேன். அகப்பக்கத்தின் நிறத்தை அடுத்த மாதம் மாற்றலாம். படங்களை நாளைக்கே மாற்றலாம். பெயரட்டையிலும் வேன் கதவிலும் கோயில் திருவிழா மலரிலும் அச்சாகிவிட்ட முகவரியை மாற்றுவது அப்படி இல்லை. ஆனாலும் நம்மவர்களில் பலர் இந்த ஒன்றைத்தான், அகப்பக்கம் செய்து தரும் பையனிடம் "நீயே ஒன்னு பார்த்துப் போட்டுடுப்பா" என்று விட்டுவிடுகிறார்கள். கடைக்குப் பெயர் வைக்க மட்டும் எண் கணிதம் பார்க்கிறவரிடம் மூன்று முறை போய் வருவோம்!

முகநூலும் படவரியும் டிக்டாக்கும் இருக்கும்போது தனி முகவரி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அவை எல்லாம் இன்னொருவர் கட்டடத்தில் போட்ட மேசைகள். கணக்கை யாராவது களவாடினாலும், நிறுவனமே முடக்கினாலும், நாம் போய் நின்று பேச ஒரு முகப்பு கிடையாது. அதனால்தான் தனி முகவரி. இதற்கு மேல் இதை விளக்கப் போவதில்லை, பெயருக்கு வருகிறேன்.

பெயரைக் கண்ணால் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறோம். திரையில் அழகாகத் தெரிகிறது, சின்னத்துக்குப் பொருந்துகிறது என்று முடிவு செய்கிறோம். வாடிக்கையாளருக்கோ அது முதலில் காது வழியாகத்தான் போகிறது. கல்யாண வீட்டில் ஒருவர் இன்னொருவரிடம் சொல்வார், தொலைபேசியில் தங்கை அக்காவிடம் சொல்வாள், என்னைப் போன்றவர்கள் காற்றில் சொல்வோம். அமேசான் கதை இதற்கு நல்ல உதாரணம். 1994-இல் ஜெஃப் பேசோஸ் தம் நிறுவனத்துக்கு முதலில் வைத்த பெயர் 'கடாப்ரா'. மந்திரவாதிகள் சொல்லும் 'அப்ராகடாப்ரா'வின் வால் பகுதி. தொலைபேசியில் அதைக் கேட்ட அவருடைய வழக்கறிஞரின் காதில் 'கடாவர்' என்று விழுந்தது. ஆங்கிலத்தில் அதற்குப் பிணம் என்று பொருள். பெயர் மாறியது. இடையில் 'ரிலென்ட்லெஸ்' என்று ஒரு பெயரையும் யோசித்து, அந்த முகவரியைப் பதிவு செய்தும் வைத்தார். விடாப்பிடியானவர் என்று பொருள் வரும் சொல். கொஞ்சம் முரட்டுத்தனமாக ஒலிக்கிறது என்று நண்பர்கள் சொன்னதால் அதையும் விட்டார். அந்த முகவரியைத் தட்டினால் இன்றும் அமேசானுக்குத்தான் போகும்.

ஆங்கிலச் சொல்லுக்கே இந்தப் பாடு என்றால், தமிழ்ச் சொல்லை ரோமன் எழுத்தில் எழுதும்போது என்ன ஆகும்?

நம் நாட்டில் இது தாத்தா காலத்துப் பிரச்சினை. லட்சுமி என்ற ஒரே பெயர் அடையாள அட்டைகளில் எத்தனை விதமாக இருக்கிறது என்று பாருங்கள். இந்தியாவில் 'கே, எஸ், எச்' போட்டு எழுதுவார்கள். இங்கே 'டி, சி, எச்' போட்டு லெட்சுமி, அந்த 'டி'யும் இல்லாமல் லெச்சுமி. சுப்பிரமணியத்தில் 'பி'க்குப் பதில் 'பி'. (தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகவே தெரிவதைக் கவனித்தீர்களா? பினாங்குக்கு வரும் 'பி'யா, பத்துமலைக்கு வரும் 'பி'யா என்று ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டியிருக்கிறது.) தோட்டத்துக் கிராணியின் காதில் விழுந்தபடியும், பதிவதிகாரியின் கைக்கு வந்தபடியும் எழுதப்பட்ட பெயர்கள் அவை. ஒரே வீட்டில் அண்ணனுக்கு ஒரு மாதிரியும் தம்பிக்கு ஒரு மாதிரியும் அப்பா பெயர் எழுதப்பட்டிருக்கும். பழகிவிட்டதால் நாம் சிரித்துக்கொண்டு போய்விடுகிறோம். கணினி அப்படிப் போகாது. ஓர் எழுத்து தவறினாலும் வேறு வீட்டு வாசலில் கொண்டுபோய் விட்டுவிடும்.

'வாழையிலை' என்று ஓர் உணவகம் திறக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 'வா'வுக்கு ஒரு 'ஏ' போடுவார்கள், இரண்டும் போடுவார்கள். 'ழ'வுக்கு 'இசட் எச்' போடுவார்கள் சிலர், 'எல்' போதும் என்பார்கள் சிலர், வெறும் 'இசட்' போடுகிறவர்களும் உண்டு. நடுவில் வரும் 'யி'க்கு 'ஒய்' சேர்ப்பவர்கள் உண்டு, சேர்க்காதவர்கள் உண்டு. இரண்டு, மூன்று, இரண்டு. பெருக்கினால் 12 வருகிறது. உங்கள் முகவரி அதில் ஒன்றே ஒன்று. மற்ற 11-ஐத் தட்டும் வாடிக்கையாளர் எங்கே போவார்? 'அமுதம்' என்ற எளிய சொல்லுக்கே 'டி', 'டி எச்' என்று ஆரம்பித்து நான்கு வழி இருக்கிறது.

அதற்காகத் தமிழ்ப் பெயரே வேண்டாம், ஆங்கிலத்தில் ஏதாவது 'குளோபல்', 'எக்ஸ்பிரஸ்' என்று வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லப் போவதில்லை. அப்படி ஆலோசனை சொல்லும் சில பயிலரங்குகளில் உட்கார்ந்திருக்கிறேன், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பலகாரமும் மாலையும் பட்டும் விற்கிறவருக்கு அந்தப் பெயரில்தான் மணமே இருக்கிறது. தமிழ்ச் சொற்களிலேயே ரோமன் எழுத்துக்குள் காயமில்லாமல் போய்வரும் சொற்கள் நிறைய உண்டு. 'முரசு' என்ற சொல்லைப் பாருங்கள். எம், யூ, ஆர், ஏ, எஸ், யூ. யாருக்கும் குழப்பம் இல்லை. நம் நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கிய 'முரசு அஞ்சல்' எழுத்துரு மென்பொருளும், சிங்கப்பூரின் 'தமிழ் முரசு' நாளிதழும் அந்தச் சொல்லைத்தான் சுமக்கின்றன. மலர், மணி, நிலா, கனி, பவளம் இவையும் ஏறக்குறைய அப்படித்தான். 'மின்னல்' நல்ல பெயர், 'என்' ஒன்றா இரண்டா என்ற சந்தேகம் மட்டும் வரும். 'ராகா'வில் இரண்டு 'ஏ' என்பது நமக்குத் தெரியும் என்றால், அது ஆண்டுக்கணக்கில் சுவரொட்டியிலும் திரையிலும் பார்த்துப் பழகியதால்தான். வீட்டிலிருந்து அதிரசம் செய்து விற்கும் அக்காவிடம் அவ்வளவு சுவரொட்டி இல்லை.

ழ, ள, ற, ஞ இந்த நான்கும் நெடிலும் வல்லின இரட்டிப்பும் குறைவாக உள்ள சொல்லாகத் தேடுங்கள். ஏற்கெனவே கடைப் பெயரில் அவை இருந்தால் பெயரை மாற்ற வேண்டியதில்லை. மக்கள் அதிகம் தவறாகத் தட்டக்கூடிய ஒன்றிரண்டு வடிவங்களையும் சேர்த்துப் பதிவு செய்து, எல்லாவற்றையும் ஒரே அகப்பக்கத்துக்குத் திருப்பிவிடலாம். எண் கணிதத்துக்காகச் சேர்த்த கூடுதல் 'ஏ'வுக்கும் 'எச்'சுக்கும் இதுவே வழி. பெயர்ப்பலகையில் அதிர்ஷ்ட எழுத்து இருக்கட்டும், அந்த எழுத்து இல்லாத சாதாரண வடிவமும் உங்கள் கையில் இருக்கட்டும்.

இன்னொன்று, நம் நாட்டுக்கே உரியது. தமிழில் நல்ல சொல், மலாயில் எப்படி ஒலிக்கிறது? 'மதி' என்றால் நமக்கு நிலவு, அறிவு. 'டி' மட்டும் போட்டு ரோமனில் எழுதினால் மலாயில் அது சாவு. சாப்பாட்டுக் கடைக்கு அந்தப் பெயர் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். 'ரகு'வை 'ஜி' போட்டு எழுதினால் மலாயில் சந்தேகம் என்று அர்த்தம். கணக்காய்வு நிறுவனம் வைக்கிற ரகு கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும். எனக்குப் பிடித்த உதாரணம் மாலா. மாலா என்ற ஒருவர் 'மாலாஸ் கிச்சன்' என்று தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். பலகையில் 'மாலா'வுக்கும் 'எஸ்'ஸுக்கும் இடையே ஒரு மேற்குறி இருக்கும். களப்பெயரில் மேற்குறிக்கு இடமில்லை. குறியை எடுத்துவிட்டுப் படித்தால் 'மாலாஸ்', மலாயில் சோம்பேறித்தனம்! தீபாவளிக்கு முறுக்கு வாங்குகிறவர்களில் அலுவலகத்து மலாய்த் தோழியும் சீனத் தோழரும் கணிசமாக இருக்கிறார்கள். பெயரை அவர்கள் வாயிலும் ஒருமுறை போட்டுப் பார்த்துவிட வேண்டும்.

நடுக்கோடு வேண்டவே வேண்டாம். "கோடு" என்று சொன்னால் ஒருவர் நடுவில் போடுகிறார், ஒருவர் அடியில் போடுகிறார், ஒருவர் அந்தச் சொல்லையே எழுதுகிறார். எண்களும் அதே தொல்லைதான். "மேபேங்க்டூயூ மட்டும் எப்படி?" என்று கேட்பீர்கள். நாடு முழுக்க கிளைகள் வைத்திருக்கும் வங்கி அது. அந்த '2' எண் என்று ஒரு தலைமுறைக்கே பாடம் நடத்த அதனிடம் பணம் இருக்கிறது. அதைப் பார்த்துப் பின்னால் '2யூ' சேர்த்துக்கொண்ட சின்னக் கடைகளுக்கு அந்த வசதி இல்லை.

விற்கும் பொருளையே பெயராக வைக்கலாமா? இன்றைக்கு வசதிதான், நாளைக்கு இடிக்கலாம். 2012-இல் நம் நாட்டில் 'மைடெக்சி' என்று தொடங்கிய சேவை, மற்ற நாடுகளுக்குப் போனபோது 'கிராப்டாக்சி' ஆனது, 2016-இல் வெறும் 'கிராப்' ஆனது. இன்று அது சோறும் கொண்டுவந்து தருகிறது. பெயரில் டாக்சி ஒட்டிக்கொண்டிருந்தால் நாசி லெமாக்கோடு பொருந்தியிருக்குமா? ஊர்ப் பெயரைப் பற்றி இவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஈப்போவில் பிறந்த ஓல்டு டவுன் வெள்ளைக் காப்பி தன் பழைய பட்டணத்தைப் பெயரிலேயே சுமந்துகொண்டு வெளிநாடுவரை போயிருக்கிறது. ஊருக்கே ஒரு ருசி உண்டு என்று ஊரார் நம்பினால் ஊர்ப் பெயர் பலம்தான்.

அடுத்து, பின்னால் வரும் பகுதி. காம், காம் டாட் எம்வை, வெறும் எம்வை. உலகின் முதல் காம் முகவரி 1985 மார்ச் 15-இல் பதிவானது. இந்த நாற்பது ஆண்டுகளில் நல்ல சொற்களில் பெரும்பாலானவை போய்விட்டன. அதிலும் தமிழ்ப் பெயர் என்றால், சென்னையிலோ கோயம்புத்தூரிலோ மதுரையிலோ அதே பெயரில் ஒரு பட்டுக்கடையோ பாத்திரக்கடையோ அந்தக் காம் முகவரியை எடுத்திருக்க நிறையவே வாய்ப்பு உண்டு. நீங்கள் காம் டாட் எம்வை வாங்கினாலும், பாதிப் பேர் பழக்கத்தில் காம் என்று தட்டிக் கோயம்புத்தூருக்குப் போய்விடுவார்கள். அதனால் பெயரை முடிவு செய்யும் முன் காம் முகவரியில் யார் இருக்கிறார்கள் என்று ஒருமுறை போய்ப் பாருங்கள். உங்கள் தொழிலையே செய்பவர் இருந்தால் வேறு பெயர் தேடுவது நல்லது. விலை பேசி வாங்கலாம் என்ற ஆசை வேண்டாம். 'தி ஃபேஸ்புக்' என்று தொடங்கிய நிறுவனம் முன்னால் இருந்த 'தி'யை உதற 2005-இல் 2 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்தது. அது அவர்களுக்குக் கட்டுப்படியாகும்.

எம்வை என்று முடியும் முகவரிகளை நிர்வகிப்பது மைநிக். காம் டாட் எம்வை என்பது இங்கே பதிவுபெற்ற வணிகங்களுக்கானது. வாங்கும்போது நிறுவனப் பதிவு விவரம் கேட்பார்கள். கொஞ்சம் அலைச்சல்தான், ஆனால் அந்த அலைச்சலே ஒரு நம்பிக்கைச் சீட்டு. இணைய மோசடிச் செய்தியைத் தினமும் படிக்கும் வாடிக்கையாளருக்கு, இந்தக் கடை இந்த நாட்டில் பதிவாகியிருக்கிறது என்று சொல்லாமல் சொல்கிறது. வெறும் எம்வை இன்னும் சிறியது, வாயில் நன்றாக வருகிறது. 'முடா டாட் எம்வை' என்பதை நான் ஒருமுறைகூட எழுத்துக்கூட்டியதில்லை. என்னைக் கேட்டால் நம் ஊர் வியாபாரத்துக்கு எம்வை முதல், காம் கிடைத்தால் கூடவே. ஆன்லைன், ஷாப், ஸ்டோர் என்று முடியும் புதிய வகைகளை முதலாண்டு சலுகையில் சில வெள்ளிக்குத் தருவார்கள். இரண்டாம் ஆண்டு விலை என்ன என்று கேட்டுவிட்டுக் கையை நீட்டுங்கள்.

முகவரியைத் தமிழ் எழுத்திலேயே வைக்க முடியாதா என்று சில நேயர்கள் கேட்டிருக்கிறார்கள். முடியும். ரோமன் அல்லாத எழுத்தில் களப்பெயர் என்ற முயற்சிக்கு 1990-களின் கடைசியில் அடித்தளம் போட்ட இடங்களில் ஒன்று நம் பக்கத்து வீடு, சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம். இன்று 'சிங்கப்பூர்', 'இந்தியா', 'இலங்கை' என்று தமிழ் எழுத்திலேயே முடியும் நாட்டு முகவரிகள் உண்டு. மலேசியாவுக்கு அப்படி இருப்பது ஜாவி எழுத்தில். நாம் காம் முகவரியின் முன்பகுதியைத் தமிழில் வைத்துக்கொள்ளலாம். கேட்கவே இனிக்கிறது. 'ழ'வுக்கு 'ழ'வே போடலாம், எல்லாக் குழப்பமும் தீர்ந்தது! ஆனால் உலவிக்குள் அது 'எக்ஸ்என்' என்று தொடங்கும், வாயில் நுழையாத ஒரு நீளச் சரமாக மாற்றப்பட்டுத்தான் பயணம் செய்கிறது. சில இடங்களில் முகவரியை நகல் எடுத்து ஒட்டினால் அந்தச் சரம்தான் வெளியே தெரியும், பார்ப்பவர் மோசடி இணைப்போ என்று பயப்படுவார். தமிழ் விசைப்பலகை இல்லாத கைப்பேசியில் தட்டவே முடியாது. ஆகையால் பெயர்ப்பலகையில் தமிழை ஆளுயரத்துக்குப் போடுங்கள், தமிழ் முகவரியையும் ஆசைக்கு ஒன்று வாங்கித் திருப்பிவிடுங்கள். வாடிக்கையாளர் நம்பி வரும் வாசல் இப்போதைக்கு ரோமன் எழுத்தில் இருக்கட்டும். இதை எழுத எனக்கு மகிழ்ச்சி இல்லை, நிலைமை அப்படி.

பெயரை எப்படிச் சோதிப்பது? நான் சொல்லும் முறைக்குக் காசு செலவில்லை. மூன்று பேருக்குத் தொலைபேசியில் அழைத்துச் சொல்லுங்கள். அறுபது வயதைத் தாண்டிய ஒருவர், தமிழ் தெரியாத ஒருவர், பள்ளியில் படிக்கும் ஒருவர். முகவரியை ஒரே ஒரு முறை, சாதாரண வேகத்தில். எழுத்துக்கூட்டக் கூடாது. அவர்கள் கைப்பேசியில் தட்டியதைப் படம் பிடித்துப் புலனத்தில் அனுப்பச் சொல்லுங்கள். மூன்றும் ஒரே மாதிரி வந்தால் எடுத்துக்கொள்ளலாம். மூன்றும் மூன்று மாதிரி வந்தால், பெயர் எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

இதுவரை சொன்னது பெயரைப் பற்றி. இதைவிடப் பெரிய இழப்பு வேறு இடத்தில் நடக்கிறது.

காப்பார் பக்கம் வீட்டிலிருந்தே முறுக்கும் நெய்யுருண்டையும் செய்து விற்கும் அக்கா ஒருவர், தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது எனக்கு அழைத்தார். நிகழ்ச்சி வழியாகப் பழக்கமானவர். "ஏம்மா, கஸ்டமர் ஒருத்தவங்க போன் பண்ணி, 'ஆன்ட்டி, உங்க வெப்சைட்ட தட்டுனா சூதாட்டம் வருது'ங்கறாங்க. நான் என்னம்மா செய்ய?" என்றார். குரல் நடுங்கியது. தட்டிப் பார்த்தேன். உண்மைதான். வண்ண வண்ணமாகச் சீட்டுகளும் காசும் சுழன்றன. அந்த முகவரி அச்சிட்ட டின்கள் மட்டும் 800 வீட்டில் அடுக்கியிருந்தன.

நடந்தது இவ்வளவுதான். சில ஆண்டுகளுக்கு முன் அகப்பக்கம் செய்து கொடுத்தவர் முகவரியைத் தம் பெயரில், தம் மின்னஞ்சலில், தம் கணக்கில் பதிவு செய்திருந்தார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, அதுதான் அவருக்கு வேகமான வழி. பிறகு வேறு வேலை கிடைத்து ஜொகூர் போய்விட்டார். பழைய மின்னஞ்சலைத் திறப்பதே இல்லை. புதுப்பிக்கச் சொல்லி வந்த நினைவூட்டல்கள் எல்லாம் அங்கேயே கிடந்தன. தவணை முடிந்தது, மீட்பதற்கு இருந்த அவகாசமும் முடிந்தது, பொதுச்சந்தைக்கு வந்த முகவரியை எங்கோ இருந்த யாரோ எடுத்துக்கொண்டார்கள். ஏற்கெனவே ஆள் நடமாட்டம் உள்ள முகவரி என்பதால் இப்படிப்பட்ட கும்பல்களுக்கு அதில் ஆசை அதிகம். அக்கா ஆண்டுதோறும் பணம் கட்டிக்கொண்டுதான் இருந்தார். அந்தப் பணம் யாரிடம் போகிறது, எதற்குப் போகிறது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

முகவரியை நாம் வாங்குவதில்லை, வாடகைக்கு எடுக்கிறோம். காம் முகவரியை ஒரே நேரத்தில் அதிகபட்சம் 10 ஆண்டுக்கு எடுக்கலாம். தவணை தவறி நீக்கப்பட்ட பிறகும் 30 நாள் மீட்புக் காலம் உண்டு. அப்போது அபராதம்போல் ஒரு தொகை கேட்பார்கள். அதையும் விட்டால் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். பெரிய இடத்திலும் இது நடந்திருக்கிறது. 1999 கிறிஸ்மஸ் நேரத்தில் மைக்ரோசாஃப்ட் தன் 'பாஸ்போர்ட்' முகவரியைப் புதுப்பிக்க மறந்து, ஹாட்மெயில் பயன்படுத்திய பலர் உள்ளே போக முடியாமல் தவித்தார்கள். மைக்கேல் சேனி என்ற நிரலாளர் தம் சொந்தப் பணம் 35 டாலரைக் கட்டிக் காப்பாற்றினார். அக்காவுக்கு அப்படி ஒரு சேனி வாய்க்கவில்லை.

ஆகவே இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் அகப்பக்கத்தைப் பார்த்துக்கொள்பவரை அழைத்து, முகவரி யார் பெயரில் பதிவாகியிருக்கிறது, எந்த மின்னஞ்சலில், எந்த நிறுவனத்தின் வழியாக, என்றைக்குத் தவணை முடிகிறது என்று கேளுங்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை. கடை வாடகை ஒப்பந்தம் யார் பெயரில் இருக்கிறது என்று கேட்பதைப் போலத்தான். உரிமையாளர் இடத்தில் உங்கள் பெயரோ உங்கள் நிறுவனத்தின் பெயரோ இருக்க வேண்டும். கணக்கின் கடவுச்சொல் உங்களிடம் இருக்க வேண்டும். அவர் தொழில்நுட்பத் தொடர்பாளராக இருக்கலாம், அதோடு சரி. கொடுக்கும் மின்னஞ்சல் அதே முகவரியில் முடிவதாக இருக்கவே கூடாது. முகவரி செத்தால் மின்னஞ்சலும் சேர்ந்து செத்துவிடும், எச்சரிக்கைக் கடிதம் வந்து சேர இடமிருக்காது. வீட்டுச் சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டுவது மாதிரி.

சட்டப் பக்கம் சுருக்கமாக. எஸ்எஸ்எம்மில் நிறுவனத்தைப் பதிவு செய்தால் களப்பெயர் தானாக வராது. களப்பெயர் கிடைத்தால் வணிக முத்திரை உரிமை வந்துவிடாது, அதற்கு மைஐபிஓ என்ற அறிவுசார் சொத்துடைமைக் கழகத்தில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். உங்கள் பெயரில் வேறொருவர் கெட்ட நோக்கத்தோடு எம்வை முகவரி எடுத்து வைத்திருந்தால், கோலாலம்பூரில் உள்ள ஆசிய அனைத்துலக நடுவர் மையத்தில் முறையிட வழி இருக்கிறது. செலவு உண்டு. முத்திரையைப் பதிவு செய்து வைத்தவருக்கு வாதம் எளிது.

அக்கா என்ன செய்தார் என்று கேட்பீர்கள். அந்தத் தீபாவளிக்கு 800 டின்னிலும் பழைய முகவரியின் மேல் தொலைபேசி எண் ஒட்டுச்சீட்டு ஒட்டினார்கள். அவர், மகள், மருமகன், பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி, நான்கு பேர் உட்கார்ந்து இரண்டு இரவு. பிறகு தை மாதத்தில் புதுப் பெயர் தேடினார். எழுதினால் விளம்பரமாகிவிடும் என்பதால் பெயரை இங்கே சொல்லவில்லை. ஆறே எழுத்து, தமிழ்ச் சொல்தான், 'ழ' இல்லை, கோடு இல்லை, எம்வையில் முடிகிறது. பதிவு அவர் பெயரில், ஐந்து ஆண்டுக்கு. அச்சகத்துக்குப் போகும் முன் மூன்று பேரிடம் சொல்லிப் பார்த்தார். பேரன் சரியாகத் தட்டினான். அவருடைய அண்ணன் சரியாகத் தட்டினார். சீன ஆன்ட்டி ஓர் எழுத்தை மட்டும் மாற்றிப் போட்டார். அக்கா அந்த வடிவத்தையும் சேர்த்தே வாங்கிவிட்டார்.